இடது பக்க விளக்கு

எங்கள் ஷூ கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு அந்த நுண்ணோக்கி வந்தபோது, என் செல்ஃபோனைத்தான் அதற்குத் தாரை வார்த்தேன். உள்ளங்கை அளவு தாங்கி. மேலே ஃபோன், கேமராவுக்கு நேரே குட்டி லென்ஸ், அதைச் சுற்றிக் கடுகு கடுகாய் விளக்குகள். எந்தப் பக்க விளக்கு எரிய வேண்டும், என்ன நிறத்தில் என்றெல்லாம் ஃபோனிலேயே சொல்லிவிடலாம். வந்த புதிதில் நான் பார்க்காத பொருள் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சர்க்கரை, கொசு, என் கணவரின் மீசை முடி வரை பார்த்தாயிற்று.

அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆம்பூரிலேயே ஒரு தோல் தொழிற்சாலையில், தோல் மெத்தென்று ஆக எண்ணெய்க் கொழுப்பு ஏற்றும் டிரம்முக்கு அப்போதுதான் பொறுப்பாளர் ஆகியிருந்தார். "எங்க கைக்குத் தெரியாததையா இந்த வெளையாட்டு சாமான் சொல்லிடப் போவுது?" என்றார் ஒரு மார்கழிக் காலையில். எனக்குச் சுருக்கென்றது. "உங்களுக்கு கொழுப்பு ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸோடு கிளம்பினேன்.

போன வாரம் அவர் டிரம்மில் புரண்ட கறுப்புத் தோல், சொல்லி வைத்ததுபோல் அன்றைக்கே எங்கள் மேஜைக்கு வந்தது. பிரித்தால், மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மேனேஜர் முகம் சுருங்கியது.

"பூஞ்சைம்மா இது. மருந்து போடாம வுட்டுட்டாங்க. மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடு."

அனுப்பினால் மருந்து போட மறந்தவர் என்ற பெயர் என் கணவருக்குத்தான். புதுப் பொறுப்பும் அத்தோடு போய்விடும். காலையில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"சார், ஒரு தடவ இதுல பாத்துடலாம்" என்றேன்.

"வூட்டுக்காரர் சரக்குன்னு சலுகை காட்டாத. நானும் பக்கத்துல நிப்பேன்."

எல்லா விளக்கையும் எரியவிட்டேன். வெறும் வெள்ளைத் திட்டு, ஒன்றும் விளங்கவில்லை. இடது பக்க விளக்குகளை மட்டும் விட்டு மற்றதை அணைத்தேன். வெளிச்சம் சாய்வாக விழுந்ததும் ஒவ்வொன்றுக்கும் நிழல் வந்தது. பூஞ்சை என்றால் நூல் நூலாக ஓடும். இங்கே நூலே இல்லை. குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய்போல மணி மணியாக இருந்தது. வலது பக்கம் மாற்றினேன், அப்போதும் மணிதான். ஷூவில் சுருக்கம் எடுக்கிற சூட்டுக்காற்று மிஷினை லேசாகக் காட்டினேன். திரையில் எல்லாம் நெகிழ்ந்து, தோலுக்குள் இறங்கி மறைந்தது. மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"பூஞ்சை இல்ல சார். எண்ணெய் அதிகமா ஏறியிருக்கு. குளிருக்கு மேல வந்து உறைஞ்சிடுச்சு. சூடு காட்டித் தொடச்சா போய்டும்."

"சரி, சரக்கு இருக்கட்டும். அடுத்த தடவ கம்மியா போடச் சொல்லு."

ஃபோனைத் தாங்கியிலிருந்து கழற்றிக்கொண்டு வெளியே வந்து என் கணவரைக் கூப்பிட்டேன். விஷயம் அதற்குள் அங்கே எட்டியிருந்தது. குரலில் ஜீவனே இல்லை.

"இன்னா ஆச்சு? பூஞ்சையா?"

"இல்ல. ரெண்டு பக்கமும் லைட் போட்டு நல்லா பாத்துட்டேன். கொழுப்புதான். ஜாஸ்தி."

அவர் சிரித்துவிட்டார்.

"அத நீ காலைலயே மிஷின் இல்லாம கண்டுபுடிச்சிட்டியே."