ஒரு விரக்கடை உயரம்

தேயிலை விலை விழுந்த வருடம், குன்னூரில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவுக்கு ஓர் எஸ்டேட் தொழிலாளி வந்தார். கம்பளித் தொப்பியை ஓயாமல் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். பனியன் வேலைக்குத் திருப்பூர் போய்விட்ட மனைவிக்கு அனுப்ப, தனித்தனியாக இருந்த இருவர் படத்தையும் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். அவர் படத்துக்குள் மனைவியின் படத்தைக் கொண்டுவந்தேன். மென்பொருள் அதைத் தானாகவே சுருக்கிவிட்டது.

"ஏனுங்க, சின்னப் புள்ளையாட்ட ஆக்கிப்போட்டீங்க?"

தானாகச் சுருக்கும் அந்த அமைப்பைத் தேடி நிறுத்திவிட்டு, "எவ்வளவு உயரமுங்க?" என்றேன்.

தொப்பியைக் கழற்றிக் காதருகே கையை வைத்தார். அதுவரை வளர்த்தேன்.

"இன்னும் ஒரு விரக்கடை கூட்டுங்க. சண்டைன்னா குதிகாலைத் தூக்கி நிப்பா."

கூட்டினேன். படத்தைப் பார்த்தவர், திட்டு வாங்கப்போகிறவர் போலத் தலையைக் குனிந்து சிரித்தார்.

ஜோடிப் படம் சேர்க்கும்போதெல்லாம் இப்போதும் குதிகால்களைத்தான் முதலில் யோசிக்கிறேன்.