திருகோணமலைக் கடல் என்ன நிறம்?

கொழும்பு, கண்டி, பிறகு திருகோணமலைக் கடற்கரை என்று நானும் என் மனைவி ரோசம்மாவும் ஒரு வருஷமாகத் திட்டம் போட்டு வந்தது உங்களுக்கெல்லாம் தெரியும்.

கப்பல் டிக்கெட் எடுக்கும் முன் அவளுடைய மூச்சிரைப்பைக் காட்டிவிடலாம் என்று இன்று கிள்ளானில் ஒரு டாக்டரிடம் போனோம். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. கப்பல் வேணாம். இன்னும் சில மாசம்தான்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கு ரயிலில் திரும்பினோம்.

"ஏங்க, முதல்ல கண்டியா, திருகோணமலையா?" என்றாள்.

"கண்டி" என்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் ரூமுக்குப் பலகைச் சுவர்தானேங்க, அவர் சொன்னது வெளிய எனக்கும் கேட்டுச்சு. அழாதீங்க. அந்தக் கடல் எப்படி இருக்கும், சொல்லுங்க."

"நீலமா இருக்கும்."

"வெறும் நீலமா? நல்லா சொல்லுங்க!" என்று கோபித்துக்கொண்டாள்.

நான் அந்தக் கடலைப் பார்த்ததே இல்லை. போய் வந்தவர்கள் யாராவது கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். நாளைக்கும் கேட்பாள், நீலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.