பெல்ட்டைக் கழற்ற வைத்த என் வாய்

என் பேத்தியைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் தொலைத்தவள் நான். அல்லாஹ் திருப்பிக் கொடுத்தான். இரண்டையும் சொல்கிறேன் சகோதரிகளே. கொடுத்ததை மட்டும் சொன்னால் அது பெருமை பேசினதாகிவிடும்.

போன பக்ரீதுக்கு நாலு நாள் இருந்தது. பிரியாணி அரிசி வாங்க நானும் மருமகள் பர்வீனும் போனோம். பேத்தி நஸ்ரினுக்கு இரண்டரை வயது. இறக்கிவிட்டால் ஓட்டம்தான். அதற்காகப் பர்வீன் ஒரு பெல்ட் வாங்கியிருந்தாள். பிள்ளையின் நெஞ்சைச் சுற்றி மாட்ட வேண்டும். முதுகிலிருந்து ஒரு வார் வரும், அதன் நுனி அம்மா கையில் இருக்கும்.

கேலி பண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வீதியெல்லாம் பக்ரீதுக்கு அறுக்கிற ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அரிசிக் கடையில் கூட்டம் வேறு. விடுவேனா?

"பாய், நம்ம ஊட்டு குர்பானி ஆட்டப் பாருங்க. பல்லு போட்டாச்சு. சந்தேகமிருந்தா வாயத் தொறந்து பாத்துக்கங்க!"

கடையே சிரித்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தர், "ஏனுங்கம்மா, எத்தன கிலோ தேறும்?" என்றார். பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. குனிந்து பெல்ட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நீங்களே கையப் புடிச்சுக்கங்க மாமி."

பிடித்தேன். ஆனால் சீரகச் சம்பாவை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து, கடித்துப் பார்க்காமல் நான் வாங்கினதே இல்லை. தேய்க்க இரண்டு கை வேண்டும். அதற்காகத்தான் விட்டேன். திரும்பினால் பிள்ளை இல்லை.

வீதியில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஆட்டோவும் டவுன் பஸ்ஸும் ஹாரன் அடித்தன. பர்வீன் பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஒரு பக்கமாக ஓடினாள். என் மூட்டு ஓட விடவில்லை. கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த நாலு அரபி துஆவும் நாக்கில் வரவில்லை. தமிழில்தான் கேட்டேன். "யா அல்லாஹ், தப்பு பண்ணுனது இந்த வாய். வேணும்னா இத ஊமையாக்கிரு. புள்ளயக் குடு." எத்தனை தடவை கேட்டேனோ, தெரியாது.

பத்து நிமிஷம் இருக்கும். மறுபக்கம் நாலு கடை தள்ளி யாரோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள். பருப்பு மண்டி வாசலில் ஓர் அம்மா பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய முந்தானை நஸ்ரின் இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தது. பிள்ளை கீழே உட்கார்ந்து சிந்தின பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா பயந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. ரெண்டு தரம் லாரி சக்கரத்துக்கிட்டயே ஓடுச்சு. புடிச்சா கைய உருவிக்குது. ஆட்டுக்குட்டியாட்டம் கட்டிப்போட்டேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் கையைப் பிடித்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் படியில் உட்கார்ந்து கேட்பதற்கு முன்பே அல்லாஹ் அந்த முடிச்சைப் போட வைத்திருந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

பர்வீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கழட்டுனது நான்தான மாமி," என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். இப்போதும் லாரி ரிவர்ஸில் வரும் சத்தம் கேட்டால் அவள் கை நடுங்குகிறது. பிள்ளை கிடைத்துவிட்டாள். அந்த நடுக்கம் போகவில்லை. அது நான் கொடுத்தது. அதையும் எடுத்துவிடும்படி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

சகோதரிகளே, எந்த மொழியில் கேட்டாலும் அவனுக்குக் கேட்கும். நம்பிக் கேளுங்கள். ஆனால் உங்கள் மருமகள் பிள்ளைக்கு ஒரு வார் மாட்டினால் வாயைத் திறக்காதீர்கள். நுனியை வாங்கி உங்கள் கையில் சுற்றிக்கொண்டு நடங்கள்.