தெரிந்தவர்களுக்கே தையல் பயிற்சி

அரசாங்க இலவசத் தையல் வகுப்பில் சொல்லித்தரும் சக டீச்சர்மாரே, நம் தொழிலில் மேனேஜர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்க வேண்டும். நம்மிடம் படித்தவர் வேலையில் சேர்ந்து மூன்று மாதம் நிலைத்தால்தான் மேனேஜருக்கு ஊக்கத்தொகை. மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

முதல் மாணவி

ராஜபாளையம் சென்டரில் புது பேட்ச் தொடங்கிய அன்று, ராணி என்ற பெண் பவர் மிஷினில் உட்கார்ந்தாள். நான் வாய் திறக்குமுன் ஒரு நைட்டிக்குக் கை வைத்து முடித்துவிட்டாள். எனக்குச் சந்தேகம். விசாரித்தால், பல வருஷமாக நைட்டி கம்பெனியில் வேலை பார்ப்பவளாம்.

“பொறவு இங்க எதுக்கு வந்த?” என்றேன்.

“தையல் தெரிஞ்சவுகளாப் பாத்துதான் மேனேஜர் சார் கூப்பிட்டாரு, டீச்சர். தெரியாதவுகளுக்கு வேலை கிடைக்காதாமே?”

ஆனியா, ஆவணியா?

கான்சாபுரம் கவிதாவின் கல்யாணம் குறித்தபடி ஆனியில் நடந்தது. நடக்கவிடாமல் செய்ய எங்கள் மேனேஜர் பாடாய்ப் பட்டார். எங்களிடம் படித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கம்பெனியில் அவள் சேர்ந்து இன்னும் மூன்று மாதம் ஆகவில்லை; கல்யாணமானால் நின்றுவிடுவாள். யார் வீட்டு வாசலையும் மிதிக்காத மனுஷன், என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போய்விட்டார்.

“ஆவணியில வச்சா என்ன சார்? பொண்ணு கொஞ்ச நாள் வேலை பாக்கட்டுமே” என்று கெஞ்சினார்.

கவிதாவின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். மேனேஜரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்:

“ஏம்மா டீச்சர், இவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

ஆள் குறைந்தபோது

சோழபுரம் செல்விக்கு ஒரு கால் சற்று ஊனம். ஒவ்வொரு பேட்சுக்கும் வந்து கேட்பாள். “கம்பெனியில எடுக்க மாட்டாங்கம்மா, அடுத்த தடவை பாப்போம்” என்று மேனேஜர் அனுப்பிவிடுவார். நான் சிபாரிசு செய்தும் பலிக்கவில்லை. கடைசியில் அவள் ஒரு டெய்லரிடம் தொழில் கற்று, வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கத் தொடங்கினாள். கை ஓயாத வேலை.

இந்த வருஷம் வேலையில் இருப்பவர் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. மேனேஜர் என்னையும் அழைத்துக்கொண்டு, பால்கோவாவோடு செல்வி வீட்டுக்குக் கிளம்பினார்.

“நம்ம சென்டர்ல படிச்சதா ஒரு கையெழுத்து மட்டும் போடும்மா” என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றேன். செல்வி மிஷினை நிறுத்தவில்லை.

“வேலை கிடைக்காதுன்னு அன்னைக்குச் சேக்கல. வேலை இருக்குன்னு இன்னைக்குச் சேக்க வாரீகளாக்கும்?”

ஆக, வேலை இல்லாதவர்களுக்காக நடக்கும் வகுப்புதான் எங்களுடையது. என்ன, ஏற்கெனவே வேலை இருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சௌகரியம்.