சுத்தப் பக்கம்

கொதிக்கும் தண்ணீரிலிருந்து பால் புட்டியை இடுக்கியால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மனசு ஒப்பாமல் மறுபடியும் பாத்திரத்துக்குள்ளேயே இறக்கினாள். உள்ளறையில் குழந்தை வீறிட்டது. பசி அழுகை என்பது அவளுக்குத் தெரியும். பால் கசிந்து சட்டை நனைந்திருந்தது. நனைந்த சட்டை அழுக்கு, மாற்ற வேண்டும். மாற்றினால் கை கழுவ வேண்டும். கழுவிய கையால் குழாயை மூடினால் குழாயையும் கழுவ வேண்டும். “இதோ வந்துட்டேன் தங்கம், வந்துட்டேன்” என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். கால் நகரவில்லை.

பெரிய மருத்துவமனை ஒன்றில் அறுவைக் கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. கத்தியும் கத்தரியும் ரத்தத்தோடு ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். கழுவி, துடைத்து, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்துக்குள் ஏற்றினால் மறுபக்கக் கதவு வழியாகச் சுத்தமாக வெளியேறும். இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். அழுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அந்தப் பிரிவே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. அதைக் காப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் ‘ஸ்டீம்’. டீக் கோப்பையோடு நுழைந்த ஸ்டோர்காரரை ஒருமுறை வாசலிலேயே மறித்தாள்: “இங்க டீக்கும் வேலை இல்ல, உங்களுக்கும் வேலை இல்ல. ரெண்டு பேரும் வெளிய போங்க.” அவர் இன்றைக்கும் அந்தக் கதவைத் தாண்டும்போது கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறார்.

அவள் நிறைமாதமாக இருந்தபோது தொற்று ஊருக்குள் வந்துவிட்டது. முகக் கவசம் போட்டுக்கொண்டு மூச்சு முட்ட முட்டப் பெற்றாள். கணவனை வாசல் கேட்டோடு நிறுத்திவிட்டார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை குழந்தையை அவளிடம் தரவில்லை; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். முடிவு வந்தது, தொற்று இல்லை. நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டியபோது, “இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா சிஸ்டர்?” என்று கேட்டாள். வேலைப் பழக்கம் விடவில்லை பார் என்று வார்டே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துத் தரையில் குறுக்காகச் சிவப்பு டேப் ஒட்டினாள். வெளிப்பக்கம் செருப்பு, பை, பார்சல், கணவன். உள்பக்கம் குழந்தை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரே அடைந்து கிடந்தாலும் மருத்துவமனை லிஃப்ட் ஓடியாக வேண்டும், அதனால் அவனுக்குத் தலைக்கு மேல் வேலை. குளித்து, துணி மாற்றி, கோட்டருகே கைகட்டி நின்று, “முதலாளியம்மாவப் பாக்க உத்தரவு உண்டா?” என்று மகளைக் காட்டிக் கேட்பான். வேறு ஊரில் மாட்டிக்கொண்ட அம்மா வீடியோவில் வந்து டேப்பைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். “எம் பொண்ணு வீட்டுல ஈ, எறும்பு நுழைய முடியாது. நான் வந்துதான் பாத்துக்கணும்னு இல்ல.”

அந்தக் குடும்பம் தவறு செய்தது இந்த இடத்தில்தான். வேறொரு பெண் இப்படிச் செய்திருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். இவளுக்கு இது கைவந்த தொழில் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

டேப் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முதலில் அறை வாசல், பிறகு அறைக்குள், கடைசியில் தொட்டிலைச் சுற்றி ஒரு சதுரம். அவள் அதற்கு வெளியே வந்துவிட்டாள். பாலைப் பீய்ச்சிப் புட்டியில் ஊற்றினாள். கணவன் இல்லாத நேரத்தில் கையுறை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டிப் புகட்டினாள். படுக்கை சமையலறைத் தரைக்கு மாறியது. “பால் பீய்ச்ச வசதியா இருக்கு” என்றாள். குழந்தை அம்மாவின் கண்களை மட்டுமே பார்த்து வளர்ந்தது. அதற்குக் கீழே எப்போதும் நீலத் துணி. தன் மூச்சு பட்டுக் குழந்தை நீலம் பாய்ந்து கிடப்பதாக விழித்திருக்கும்போதே அவளுக்குக் காட்சி வரும். ஓடிப்போய்ப் பார்ப்பாள். தொடமாட்டாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனிடம், “நான் இல்லாட்டி இந்த வீடு முழுக்கச் சுத்தமாயிடும், இல்லீங்க?” என்று கேட்டாள்.

“நீ இல்லாட்டியா? அடுத்த வாரமே குப்ப வண்டி நம்ம வீட்ட அள்ளிட்டுப் போயிடும்” என்று சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போனான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போயிருந்தபோது பிரிவின் சூப்பர்வைசர் வீடியோவில் கூப்பிட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு அக்கா.

“ஸ்டீம், பெரிய மெஷின் அழுத்தம் ஏறவே மாட்டேங்குதுடி. ஆள் வர நாளாகும்ங்கறாங்க. நீ இல்லாம எங்க பொழப்பு நாறுது.”

“கதவு ரப்பரத் துடைச்சீங்களாக்கா? ஓரத்துல நூல் ஏதாவது சிக்கியிருக்கும்.” போனை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். புட்டி வெளியே வந்தது, சுற்றியது, உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது.

அக்கா பேச்சை நிறுத்தினாள். “அந்தப் புட்டிய இப்பதானே எடுத்த?”

“சந்தேகமா இருந்துச்சு.”

“புதுப் பொண்ணு ஒருத்தி வெந்து வந்த மூட்டைய மறுபடி உள்ள வெச்சப்ப என்ன ஆட்டம் ஆடின? ‘மெஷின நம்பலைன்னா வீட்டுக்குப் போ’ன்னு கத்தினியே. அவ பாத்ரூம்ல போய் அழுதா. இப்ப நீ என்ன பண்ற?”

அவள் புட்டியை மறுபடி தண்ணீருக்குள் இறக்கினாள்.

“கையுறையக் கழட்டு. கையக் காட்டு.”

“எதுக்குக்கா?”

“காட்டுடின்னா.”

விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது.

“குழந்தைய எப்பத் தூக்கின?”

“அவரு தூக்குவாரு.”

“நான் உன்னக் கேட்டேன்.”

“நான் அழுக்குப் பக்கம்க்கா” என்றாள், இன்று காலை ஷிஃப்ட் என்று சொல்வதுபோல.

அக்கா சிரிக்கவில்லை. “மெஷின் கெடக்கட்டும். இங்க பாரு. என் ரெண்டாவது பையன் பொறந்தப்ப வீட்டு ஜன்னலையெல்லாம் ஆணியடிச்சு மூடச் சொன்னேன். குளிருதுன்னு எல்லார்கிட்டயும் புளுகினேன். எங்க நானே அவனத் தூக்கி வெளிய போட்டுடுவேனோன்னு பயம். வெளிய சொல்ல வாய் வரல. கடைசில சொன்னேன், மருந்து குடுத்தாங்க, சரியாச்சு. அவன் இப்ப என்னை எதுத்துப் பேசற அளவுக்கு வளந்துட்டான். உனக்கும் இது நோய்டி, சுத்தம் இல்ல. நம்ம மனநல டாக்டரம்மா இப்ப போன்லதான் எல்லாரையும் பாக்கறாங்க. இன்னைக்கே கூப்பிடச் சொல்றேன். எடுத்துப் பேசு. என்கிட்ட விடற கதைய அவங்ககிட்ட விடாத.”

மதியம் கணவன் வந்து, குளித்து, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. “வேலை விஷயம்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் குரலில் அவசரம் இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சுத்தம் கொஞ்சம் ஜாஸ்தி பாப்பேன், அவ்ளோதான்” என்றாள். கேள்விகள் தொடர்ந்தன. அவள் வாயிலிருந்து இல்லை, இல்லை என்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தக் குரல் சுற்றி வளைக்காமல் கேட்டது: “செத்துப் போயிட்டா நல்லதுன்னு தோணுதாம்மா?”

அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“அவசரம் இல்லம்மா. நான் லைன்லதான் இருக்கேன்.”

இவ்வளவு நேரம் பேச்சே இல்லையே என்று கணவன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். தோளில் குழந்தை தூங்கியிருந்தது. யாரு என்று புருவத்தால் கேட்டான். வேலையா, கிளம்பிடுவியா என்று உதட்டசைவில் கேலி செய்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

“டாக்டர்” என்றாள் அவள். “இப்பக் கேட்டீங்களே, அத இன்னொரு தடவ கேளுங்க.”

ஸ்பீக்கரை அழுத்தி, போனைக் கணவன் பக்கம் நீட்டினாள்.