விளக்கேற்றாத வியாழக்கிழமை

பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் எதிர்ப்பு அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதத்தில்தான் என் அம்மா முதன்முதலாக இங்கிலீசு பேசப் பழகினார். இரண்டுக்கும் காரணம் ஒன்று. தேவாலயத்தைச் சேர்ந்த எங்கள் லண்டன் பள்ளியில் வியாழன்தோறும் நடந்த பைபிள் பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லாச் சமயங்களையும் சொல்லித்தரும் புதுப் பாடமொன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். கூட்டம் வைத்தார்கள். ஒருவர் அழுதார், இன்னொருவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். அப்பா கடைசி வரிசையில் இருந்துவிட்டு வந்து, "வந்த இடத்தில வாயைக் குடுக்கக் கூடாது" என்றார். அவர் எங்கேயும் வாயைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வாசலில் நின்றவர்களில் முன்னுக்கு நின்றவர் என் தோழியின் தாய். வகுப்பில் எனக்கு இருந்த ஒரே தோழி அவள். வியாழக்கிழமைகளில் அவளையும் இன்னும் பலரையும் பெற்றோர் பாடத்துக்கு விடாததால் நூலகத்தில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்க, நான் பௌத்தம் படித்தேன், யூதம் படித்தேன். உலகத்துச் சமயங்களெல்லாம் சேர்ந்து என் சிநேகிதியைக் கொண்டுபோய்விட்டன என்று எனக்குக் கோபம்.

பிறகு எங்கள் முறை வந்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் சைவம். அம்மா வந்து விளக்கேற்றிக் காட்டுவாரா என்று ஆசிரியை கேட்டார். அம்மா உடனே ஓம், வாறன் என்றது எங்களுக்கே ஆச்சரியம். பால் வாங்கவும் என்னைத் துணைக்குக் கூட்டிப்போகிறவர், குசினியில் சமைத்தபடி நின்று "திஸ் இஸ் அவர் லாம்ப்" என்று வெங்காயத்துக்குச் சொல்லிப் பழகினார். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினார். எனக்கு அம்மாவை நினைக்கப் பெருமையாக இருந்தது.

புதன்கிழமை ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பெரியப்பா இறந்துபோனார். அப்பாவைத் தோளில் தூக்கி வளர்த்த ஒரே அண்ணன். அகதி வழக்கு முடியாததால் அப்பா ஊருக்குப் போக வழியில்லை. ஆனால் துடக்கு லண்டனுக்கு வர விசா எதுவும் கேட்கவில்லை. சாவு விழுந்த குடும்பத்துக்கு வரும் அந்தத் தீட்டுக் கழியும்வரை சாமிக்கு விளக்கேற்றக் கூடாது. மினுக்கிய விளக்கை அம்மா துணியால் மூடி அலுமாரிக்குமேல் வைத்தார்.

"ரீச்சரிட்டச் சொல்லு பிள்ளை, எங்களுக்குத் துடக்கு, வர ஏலாது எண்டு."

துடக்குக்கு எனக்கு இங்கிலீசு தெரியாது. "எங்கள் சமயத்தில் இதற்கு அனுமதி இல்லை" என்று மட்டும் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போனது. அந்த மாதம் முழுவதும் வாசலில் நின்றவர்கள் அவரிடம் சொன்னதும் அதே வசனந்தான். "நீங்களுமா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு என்னை நூலகத்துக்கு அனுப்பினார்.

அங்கே என் தோழிக்கு வேறு கூட்டாளிகள் சேர்ந்திருந்தார்கள். கையைக் காட்டிவிட்டு அவர்களோடு மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். நான் மேசையின் மறுகோடியில் இருந்தேன். சுவருக்கு அப்பால், பாதி வகுப்புக்கு ஆசிரியை என் சாமிகளின் பெயர்களைப் பிழையாகச் சொல்வது கேட்டது. திருத்துவதற்கு அங்கே ஆளில்லை.

அன்று பின்னேரம் வாசலில் தோழியின் தாய் நேரே அம்மாவிடம் வந்தார். அதுவரை எங்களைப் பார்த்துச் சிரித்தும் அறியாதவர். நாங்களும் பிள்ளையைப் பாடத்துக்கு விடவில்லை என்ற செய்தி அவருக்குப் போயிருந்தது. அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, நீங்கள் தனியாக இல்லை, நாங்கள் இருக்கிறோம் என்று இங்கிலீசில் சொன்னார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அந்த மனுசிக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு" என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னார். "கையைப் பிடிச்சுத் துக்கம் விசாரிச்சவ."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஆர், அந்த அட்டை பிடிக்கிறவவோ?"

"ஓம். நல்ல சீவன்."

எனக்கு விஷயம் தெரியும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

லண்டனிலேயே வெம்பிளியிலும் தோர்ண்டன் ஹீத்திலும் இருந்த சொந்தக்காரர் தொலைபேசியில் விசாரித்தார்கள். எல்லாருக்கும் ஷிப்ட். ஞாயிறு வாறம் என்றவர்கள் ஞாயிறும் வரவில்லை. அப்பா வேலையால் வந்ததும் துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கென்று முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் நிரையாகப் போட்டு வைப்பார். படுக்கப்போகும்போது எடுத்து அடுக்குவார்.

துடக்குக் கழிந்த அன்று பெரியப்பாவுக்குப் படைத்தோம். துக்கத்துக்கு வந்தவர்களைச் சாப்பிட வைக்காமல் விடுவது எங்களில் வழக்கமில்லை. அப்பா தானே ஒரு பெட்டி எடுத்து, சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை என்று பார்த்துப் பார்த்து அடைத்தார்.

"உன்ர சிநேகிதியின்ர அம்மாட்டக் குடு. ஆறமுதல் குடுக்க வேணும்."

அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. சூட்டுக்குக் கை மாற்றி மாற்றிப் பெட்டியைக் கொண்டுபோனேன். சட்டியில் இன்னும் எவ்வளவோ வடை கிடக்க, அப்பா ஏன் ஒரு பெட்டி மட்டும் கட்டினார் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.