பச்சைக் கயிற்று மூட்டை

‘மறுசுழற்சி நூல்’ என்று சீட்டுத் தொங்கும் சட்டைகளுக்கு இப்போது ஏக மவுசு. அந்தச் சீட்டைப் பார்த்தாலே எனக்குக் காது சுடும்.

கணபதி என்ற ஊரில் அத்தை வீட்டு முன்னறை முழுக்கப் பனியன் கம்பெனிக் கழிவுத்துணி குவிந்திருக்கும். அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் நிறம்வாரியாகப் பிரித்து மூட்டை கட்டுவார்கள். அத்தை மூட்டைக்குச் சிவப்புக் கயிறு, அக்கா மூட்டைக்குப் பச்சை. வெள்ளைக்குத்தான் ராஜமரியாதை. மில்லில் அதைப் பஞ்சாக்கி மறுபடி நூலாக்கினால் எந்தச் சாயமும் ஏற்றலாம். ஆனால் ஜிப், கொக்கி எதுவும் கலந்துவிடக் கூடாது.

எனக்குப் பத்து வயது. காரமடைத் தேர்த் திருவிழாவுக்குக் கிளம்பும் நாளில் அத்தை ஒரு கூடைக் கலப்புத் துணியை முன்னால் வைத்து, “இதைப் பிரிச்சு வெச்சாத்தான் தேரு, அம்மணி” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அக்கா கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்தார். பிரிக்கவாவது! கூடையை அப்படியே அக்காவின் மூட்டைக்குள் கவிழ்த்து, தலையை உள்ளே விட்டு இரண்டு கையாலும் அமுக்கினேன். மேலே நல்ல வெள்ளையாகப் பரப்பிவிட்டேன். பிறகு தேர்க்கூட்டத்தில் என் சிவப்புத் தலைக் கிளிப்பைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரே அழுகை.

நாலாம் நாள் மில்காரர் பிரித்த மூட்டையோடு வந்து நின்றார். “ஏனுங்கம்மா, ஜிப்பு மாட்டி மிசின்ல நெருப்புப் பொறி பறந்துபோச்சுங்க. பஞ்செல்லாம் எரிஞ்சிருந்தா என்னுங்க பண்றது?”

கயிறு பச்சை. அத்தை அக்காவை முறைத்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தேன், பாவி.

அக்கா குந்தி உட்கார்ந்து மூட்டையைக் கிளறினார். எதையோ கைக்குள் பொத்திக்கொண்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“என்ர தப்புத்தானுங்க” என்றார் அத்தையிடம்.

“நாளையிலிருந்து நீ வர வேண்டாம்” என்றார் அத்தை.

போகும்போது அக்கா வாசலில் என் கையைப் பிடித்து உள்ளங்கையில் சிவப்புக் கிளிப்பை வைத்தார். “உன்ர கிளிப்பு, கண்ணு. பத்தரமா வெச்சுக்கோ.” அதற்குப் பிறகு அந்த அறையில் பச்சைக் கயிறே இல்லை.

தொலைந்தது கிடைத்த சந்தோஷத்தில் மறுநாளே அதைக் குத்திக்கொண்டு, அக்கா வீட்டு வாசல் வழியாகவே பள்ளிக்கூடம் போனேன். மூட்டைக்குள் கிடந்த அந்தக் கிளிப்பை அக்கா அத்தையிடம் நீட்டியிருந்தால் தன் பிழைப்புப் போயிருக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.